மரகதவல்லி டீச்சரும் மறைந்திருந்த கருத்தாவும்

கூகைக்கரட்டு நடுநிலைப் பள்ளியின் எட்டாம் வகுப்பில், ஆடி மாதத்து இரண்டாவது புதன்கிழமை, மதியச் சோற்றின் மயக்கம் பத்தொன்பது பிள்ளைகளின் இமைகளிலும் கனத்துக் கிடந்த நேரத்தில், தமிழாசிரியை மரகதவல்லி மூன்றாம் வேற்றுமை நடத்திக்கொண்டிருந்தபோது, கரும்பலகையில் அவர் எழுதாத ஒரு சொல் தானாக வந்து வாக்கியத்தின் நடுவில் உட்கார்ந்தது. அவர் எழுதியது ‘பள்ளி வேப்பமரம் வெட்டப்பட்டது’ என்பதுதான். சாக்பீஸை வைத்துவிட்டுக் கைத்தூசியை உதறுவதற்குள், ‘வெட்டப்பட்டது’ என்ற சொல் பேருந்தில் இன்னொருவருக்கு இடம் விடுகிறவரைப்போலக் கொஞ்சம் நகர்ந்துகொடுக்க, நடுவில் ‘ஜெயசீலனால்’ என்ற சொல், அவருடைய கையெழுத்திலேயே, அவர் போடும் அதே வளைந்த லகரத்தோடு வந்து நின்றது.

ஜெயசீலன் அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர். வேப்பமரத்தைக் கரையான் தின்றுவிட்டது என்று ஊரில் சொல்லிவைத்திருந்தவர். தன் புதுக் காரின்மேல் காக்கை எச்சமிடுகிறது என்பதுதான் காரணம் என்பது அவருக்கும் மரத்தை வெட்டிய மாரிக்கும் மட்டுமே தெரியும். பிள்ளைகள் மயக்கம் கலைந்து சிரித்தார்கள். மரகதவல்லி சிரிக்கவுமில்லை, பதறவுமில்லை. இருபத்திரண்டு வருடம் நோட்டுத் திருத்திப் பழகிய கண் என்பதால், வந்த சொல்லில் பிழை இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தார். உருபு சரி, இடம் சரி. பிழையில்லாத ஒன்றை அழிப்பது அவர் வழக்கமில்லை. ஒரே ஒரு முறை அழித்திருக்கிறார். அந்தக் கதை பின்னால் வரும்.

“இதுக்குப் பேர்தான் கருத்தா. அந்தச் செயல் யாரால நடந்துச்சோ அந்த ஆளு,” என்றார். “ரெண்டு வகை. தானே செஞ்சா இயற்றுதல் கருத்தா. அடுத்தவங்களை விட்டுச் செய்யச் சொன்னா ஏவுதல் கருத்தா. கோயில் சிற்பியால் கட்டப்பட்டது. கோயில் அரசனால் கட்டப்பட்டது. ரெண்டுமே சரி.”

முன்வரிசையில் ஒருத்தி எழுந்தாள். “மரத்தை வெட்டுனது மாரி அண்ணன்தானே டீச்சர்? எங்க தெருதான். ஏன் சார் பேரு வருது?”

மரகதவல்லி பலகையை இன்னொரு முறை படித்தார். “யாரு இல்லாட்டி அது நடந்தே இருக்காதோ, அவங்க பேரு வருதுபோல. எழுதிக்கோங்க.”

பத்துச் செயப்பாட்டு வாக்கியங்கள் எழுதிவரும்படி வீட்டுப்பாடம் கொடுத்தார். பத்தொன்பது நோட்டுகளும் பத்தொன்பது வீடுகளுக்குப் போயின. அங்கிருந்துதான் அது ஊருக்குள் இறங்கியது.

வெள்ளிக்கிழமைக்குள், கூகைக்கரட்டில் எந்தச் சுவரிலும் எந்தத் தாளிலும் செய்தவனை மறைத்து ஒரு வாக்கியம் எழுத முடியாது என்றாயிற்று. ‘கடை அடைக்கப்பட்டுள்ளது’ என்று டீக்கடைக்காரர் மாட்டிய அட்டையில் அவர் மனைவியின் பெயர் வந்து நின்றது. ஊரே கேலி செய்தபோது, அட்டைக்குத் தெரிந்தது உங்களுக்கு இத்தனை நாள் தெரியவில்லையா என்று அவர் சலித்துக்கொண்டார். ‘திருமணம் நிச்சயிக்கப்பட்டுள்ளது’ என்று அச்சடித்து வந்த ஐந்நூறு பத்திரிகையிலும் மாப்பிள்ளையின் தாய்மாமன் பெயர் முளைத்திருக்க, அதைப் படித்த கல்யாணப் பெண் நான்கு நாள் கதவைச் சாத்திக்கொண்டு யோசித்து, பிறகு சரி என்று சொல்லி, மறுபடி அச்சடித்தபோது அவள் பெயரே வந்தது. ‘பக்தர்களுக்குக் கூழ் வழங்கப்படும்’ என்று மாரியம்மன் கோயில் தட்டியில் எழுதியதும் தர்மகர்த்தாவின் பெயரை எதிர்பார்த்து நின்ற கூட்டம், விடியுமுன் எழுந்து கம்பு இடிக்கும் ஏழு பெண்களின் பெயர்கள் வரிசையாக வந்து தட்டியின் விளிம்புவரை நிறைவதைப் பார்த்தது. அந்த ஏழு பேரும் அந்த வருடம் தலையை நிமிர்த்திக்கொண்டு கூழ் ஊற்றினார்கள்.

ஊர் இதைப் பெரிய அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. புதிதாக வந்த மின்கம்பத்துக்கு ஆடு மாடு பழகுவதைப்போலப் பழகிக்கொண்டது. ஊராட்சி எழுத்தர் ‘பட்டது’ என்ற சொல்லையே கைவிட்டார். கல்குவாரி அலுவலகம் அறிவிப்பு எழுதுவதை நிறுத்திவிட்டு ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவை அனுப்பியது. தலைமையாசிரியர் ஜெயசீலன் வெட்டிய இடத்தில் ஒரு வேப்பங்கன்றை நட்டு, அதைப் பற்றி எதுவும் எழுதாமல் இருந்தார்.

குவாரியைப் பற்றிச் சொல்லவேண்டும். கூகைக்கரடு என்ற பெயர் ஊருக்கு எந்தக் குன்றால் வந்ததோ அந்தக் குன்றில் பாதியை ராஜதுரையின் குவாரி தின்றுமுடித்திருந்தது. ஊரில் வீட்டுக்கு ஒருவர் அங்கே கல்லுடைத்தார்கள், அல்லது கல்லரைக்கும் கிரஷரில் ஜல்லி அள்ளினார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மட்டும்தான் வெடிவைக்க அனுமதி. அதற்குமுன் மூன்று முறை சங்கு ஊதவேண்டும். சங்கு கேட்டால் வேலைசெய்கிறவர்கள் பள்ளத்தை விட்டு மேலேறிவிடுவார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு, ஒரு சங்கும் ஊதாமல் வெடி வெடித்தது. பள்ளத்துக்குள் இருந்த செல்லமுத்துவைத் தூக்கிவர ஒரு சாக்குப் போதுமானதாக இருந்தது. வெடிக்குத் திரி கொளுத்தியவன் வீரணன். போலீஸ் அவனைப் பிடித்துப்போனது. எட்டு மாதம் உள்ளே இருந்து ஜாமீனில் வந்தவனோடு ஊரில் யாரும் பேசுவதில்லை.

செல்லமுத்துவின் மகள் சுபிதா அப்போது ஆறாம் வகுப்பு. அந்த வருடம் ‘என் தந்தை’ என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னபோது அவள் ஒரே ஒரு வாக்கியம் எழுதிக்கொடுத்தாள்: ‘என் அப்பா கொல்லப்பட்டார்.’ மரகதவல்லி அதைச் சிவப்பு மையால் அடித்து, மேலே ‘விபத்தில் இறந்தார்’ என்று எழுதி, ஓரத்தில் ‘சொற்பிழை’ என்று குறித்தார். அது பிழையில்லாத வாக்கியம் என்று தெரிந்தேதான் அடித்தார். ஏனென்றால், அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் இதே வகுப்பறையில் செய்யுள் ஒப்பிக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். சங்கு ஊதவில்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் போலீஸ் விசாரிக்க வருவதற்கு முந்தின சாயங்காலம் குவாரி மேனேஜர் அவர் வீட்டுக்கு ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, ‘டீச்சர் நல்லாருக்கீங்களா? மக டவுன்ல ஹாஸ்டல்லதானே இருக்கு, தனியா பஸ்ஸுல போய் வருதா?’ என்று ரொம்ப மரியாதையாக விசாரித்துவிட்டுப் போனார். மறுநாள் போலீஸ் கேட்டபோது மரகதவல்லி, “பாடம் நடத்திக்கிட்டிருந்தேன், கவனிக்கல,” என்றார். இதுதான் பின்னால் வரும் என்று சொன்ன கதை.

திங்கட்கிழமை வீட்டுப்பாட நோட்டுகள் மேசைக்கு வந்தன. பிள்ளைகள் எழுதிய வாக்கியங்களில் யார் யாரோ வந்து உட்கார்ந்திருந்தார்கள். முட்டை உடைக்கப்பட்டதற்குப் பூனையும், சீப்பு தொலைக்கப்பட்டதற்கு அத்தையும். சுபிதாவின் நோட்டில் ஒன்பது வாக்கியங்கள்தான் இருந்தன.

“பத்தாவது எங்கடீ?”

“பத்தாவது நீங்க அடிச்சது டீச்சர்,” என்றாள் சுபிதா. குரலில் கோபம் இல்லை; சந்தேகம் கேட்கிற குரல்தான். “திரும்ப எழுதலாமா?”

மரகதவல்லி நோட்டை மூடி அவளிடம் நீட்டினார். “நாளைக்குச் சொல்றேன்,” என்றார்.

அன்று பள்ளி விட்டதும் அவர் சுபிதாவின் வீட்டுக்குப் போனார். அவள் அம்மா அழகுமணி அப்போதுதான் கிரஷரிலிருந்து வந்து, இமைமயிர்வரை படிந்த கல்தூசியைக் கழுவிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் குடத்தை வைத்துவிட்டாள்.

“எழுதினா என்ன டீச்சரம்மா வரும்? வீரணன் பேருதான் வரும். அவன்தானே கொளுத்துனான்? ஊருக்கே தெரியும்.”

“அப்படி வந்தா எழுதட்டுமே. என்ன பயம்?”

அழகுமணி ஈரக்கையைச் சேலையில் துடைத்து, துடைத்த கையையே மறுபடி துடைத்தாள். “வேற பேரு வந்தா,” என்றாள் கடைசியில், “நாளைக்கு நான் எங்கே போய் ஜல்லி அள்றது?”

“எனக்கும் அந்தப் பயம்தான் இருந்துச்சு, ரெண்டு வருஷமா,” என்றார் மரகதவல்லி. “சங்கு ஊதல அழகுமணி. நான் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். ஊதல. போலீஸ்கிட்ட நான் பொய் சொன்னேன்.”

அழகுமணி திட்டுவாள், அடித்தாலும் அடிப்பாள் என்று மரகதவல்லி நின்றார். அவளோ, வாசலில் நின்ற மகளைத் திரும்பிப் பார்த்து, “எழுதுடீ,” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் வகுப்பில் மரகதவல்லி முதலில் தான் எழுதினார். ‘சுபிதாவின் வாக்கியம் அடிக்கப்பட்டது.’ பலகையிலிருந்து சாக்பீஸை எடுக்குமுன்பே ‘மரகதவல்லியால்’ என்று வந்துவிட்டது. அதைப் பிள்ளைகளுக்கு முன்னால் உரக்க வாசித்தார். “இதுல பிழை இல்ல. பிழை நான் செஞ்சது,” என்றார். பிறகு சுபிதாவைப் பார்த்துத் தலையசைத்தார்.

சுபிதா எழுதினாள். என் அப்பா கொல்லப்பட்டார். பத்தொன்பது தலைகளும் ஒரு நோட்டின்மேல் கவிந்தன. சொற்கள் நகர்ந்தன, இடம் விட்டன, நீல மையில், சுபிதாவின் உருண்டைக் கையெழுத்தில், ‘ராஜதுரையால்’ என்று வந்து நின்றது.

பின்வரிசையில் ஒருவன், “ஏவுதல் கருத்தா,” என்று மெதுவாகச் சொன்னான்.

அன்று சாயங்காலம் அழகுமணி அந்த நோட்டை எடுத்துக்கொண்டு, இரண்டு வருடமாகக் கண்ணெடுத்தும் பார்க்காத வீட்டுக்குள் நுழைந்து, பாயில் சுருண்டு கிடந்த வீரணனுக்கு முன்னால் அதை விரித்துவைத்தாள். அவனுக்கு எழுத்துக்கூட்டத்தான் தெரியும். கூட்டிப் படித்தான். படித்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டான்.

“லாரி எல்லாம் மத்தியானத்துக்குள்ள ரொம்பணும்னாரு அக்கா. சங்கு ஊதினா ரோட்டுல அளக்க வந்த ஆபீசருங்க வெடிக்குமுன்னாடியே வந்து நிறுத்திருவாங்க, சங்கு வேணாம், கொளுத்துன்னாரு. ஆளுங்க இருக்காங்கன்னு சொன்னேன். எல்லாரும் ஏறிட்டாங்க, நான் பாத்துட்டேன்னாரு. அவரு எட்டிக்கூடப் பாக்கல. கோர்ட்டுலயும் சொன்னேன். எவன் கேட்டான்?”

“நான் கேக்கிறேன்,” என்றாள் அழகுமணி.

நோட்டின் படம் கைபேசிகளில் ஊரைச் சுற்றி, தாலுகாவைச் சுற்றி, மூன்றாம் நாள் ராஜதுரையே பள்ளிக்கு வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிற மரியாதை. தலைமையாசிரியர் எழுந்து தன் நாற்காலியை அவருக்குப் போட்டார்.

“இந்த பெஞ்சுங்க எல்லாம் நான் போட்டது டீச்சர்,” என்றார் ராஜதுரை சிரித்துக்கொண்டே. “சொல்லிக்காட்டல. பிள்ளைங்க நல்லா படிக்கணும். அந்தப் பாடத்தைக் கொஞ்ச நாள் தள்ளி வைங்களேன். திருக்குறள் நடத்துங்க. நல்ல விஷயமா எவ்வளவோ இருக்கு தமிழ்ல.”

“வேற்றுமை எட்டு இருக்குங்க. மூணாவதைத் தாண்டி நாலாவதுக்குப் போக முடியாது,” என்றார் மரகதவல்லி.

“டவுன்ல மக நல்லாருக்கா?”

போன முறை மேனேஜர் கேட்ட அதே கேள்வி. இந்த முறை மரகதவல்லி பதிலைத் தயாராக வைத்திருந்தார். “நல்லாருக்கா. நீங்க கேப்பீங்கன்னு அவகிட்டயும் சொல்லிவச்சிருக்கேன், அவ ஹாஸ்டல்லயும் சொல்லிவச்சிருக்கேன். எழுதியும் குடுத்திருக்கேன், உங்க பேரோட.”

ராஜதுரை சிரிப்பை மாற்றாமல் எழுந்துபோனார். ஆனால் அவர் முட்டாள் இல்லை. இரண்டே நாளில் ஊர்ச் சுவரெல்லாம் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது: ‘செல்லமுத்து, வீரணனால் கொல்லப்பட்டார்.’ ஊர் கூடி நின்று பார்த்தது. காலையிலிருந்து மாலைவரை பார்த்தது. ஒரு சொல்லும் நகரவில்லை. ஒரு பெயரும் வரவில்லை.

“அப்போ இதுவும் நெசமா?” என்று ஆளுக்காள் கேட்டுக்கொண்டார்கள்.

அது ஏன் என்று மரகதவல்லிக்குப் புரிந்தது. தானாக வரும் எழுத்து, காலியாக விட்ட இடத்தில்தான் வந்து உட்காரும். பொய் ஏறி உட்கார்ந்திருக்கும் இடத்தில் உண்மைக்கு உட்கார இடம் கிடையாது. மறைத்ததைக் காட்டத்தான் அதற்குத் தெரியும். பொய்யைத் தடுக்கத் தெரியாது. இதற்குமேல் எழுத்து எதுவும் செய்யாது.

மறுநாள் வகுப்பில் புதிய பயிற்சி கொடுத்தார். செயப்பாட்டு வினையைச் செய்வினையாக மாற்றுக. கருத்தாவை நடுவிலிருந்து தூக்கி முன்னால் நிறுத்தவேண்டும். ‘ஆல்’ போய்விடும், ‘பட்டது’ போய்விடும். “செய்வினை தானா வராது. அதை ஒருத்தர் வாயைத் திறந்து சொல்லணும்,” என்றார். “வீட்டுல போய்ச் சொல்லிக்காட்டுங்க. பெரியவங்களையும் சொல்லச் சொல்லுங்க.” அந்த வாரம் முழுக்கக் கூகைக்கரட்டில் அடுப்படியிலும் குழாயடியிலும் பிள்ளைகள் பெரியவர்களுக்கு இலக்கணம் நடத்தினார்கள்; கிரஷரில் ஜல்லி அள்ளுகிற பெண்கள் மூச்சு விடாமல், யார் செய்தார், எதைச் செய்தார் என்று முறை மாற்றி முறை மாற்றிச் சொல்லிப் பழகினார்கள்; முதலில் சின்னச் சின்னக் காரியங்களைச் சொன்னார்கள், பிறகு கொஞ்சம் பெரிய காரியங்களை.

பரபரப்பு அதிகமானதால் மறுவிசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். பள்ளி வராந்தாவில் மேசை போட்டார்கள். ஒரு பக்கம் ராஜதுரையும் அவருடைய ஆட்களும். முற்றத்தில் ஊர். பள்ளிக்கு அன்று விடுமுறை என்று சொல்லியும் எட்டாம் வகுப்பு முழுதாக வந்து சன்னல் ஓரம் நின்றது. அதிகாரி சுபிதாவின் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடினார்.

“தானா வந்த எழுத்து சாட்சியாகாதும்மா. எழுத்தை நான் குறுக்கு விசாரணை பண்ண முடியுமா? வாயுள்ளவங்க யாராவது சொல்லணும்.”

மரகதவல்லி முன்னால் போனார். “நான் சொல்றேன். அன்னைக்குச் சங்கு ஊதல.”

அதிகாரி பக்கத்திலிருந்த எழுத்தருக்குச் சொல்லத் தொடங்கினார்: “சம்பவத்தன்று சங்கு ஊதப்படவில்லை எனத் தெரிவிக்கப்பட்டது…”

“அப்படி எழுதாதீங்க,” என்றார் மரகதவல்லி.

அதிகாரி நிமிர்ந்தார். “ஆபீஸ்ல அப்படித்தான் எழுதுவோம்.”

“அப்படி எழுதி எழுதித்தான் ரெண்டு வருஷம் போச்சு. நான் சொல்றபடி எழுதுங்க. ‘தமிழாசிரியை மரகதவல்லி ஆகிய நான் அன்று இந்த வகுப்பறையில் இருந்தேன். வெடிச் சத்தம் கேட்டேன். அதற்கு முன்னால் ஒரு சங்குச் சத்தமும் நான் கேட்கவில்லை. போலீசாரிடம் நான் பொய் சொன்னேன். பயத்தால் சொன்னேன்.’ எழுதிட்டீங்களா? கையெழுத்து எங்கே போடணும்?”

“பொய் சொன்னேன்னு நீங்களே எழுதிக் குடுத்தா உங்க மேலயே கேஸ் வரும், தெரியுமா?”

“வரட்டும். பேரோட வரட்டும்.”

அவர் கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோது பின்னால் வீரணன் நின்றான். அவன் சொல்லி முடித்தபோது, அவனுக்குப் பின்னால் அழகுமணி நின்றாள். கிரஷர் தூசியோடு, வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தாள். மேசையைப் பிடித்துக்கொண்டாள். ராஜதுரையை நேராகப் பார்த்தாள். இரண்டு வருடமாக அந்த வெள்ளைச் சட்டைக்கு முன்னால் தரையைத் தவிர வேறெதையும் பார்த்தறியாத கண்கள் அவை.

“ராஜதுரை எம் புருசனைக் கொன்னாரு,” என்றாள். “எழுதிக்கோங்க. அழகுமணி சொன்னா.”

முற்றத்தில் ஒருவர் எழுந்தார், அன்று பள்ளத்திலிருந்து கடைசியாக ஏறியவர்: “சங்கு ஊதல. நான் சொல்றேன்.” அவருக்குப் பின்னால் கூழ் ஊற்றிய பெண்களில் ஒருத்தி. அவளுக்குப் பின்னால் லாரி ஓட்டுகிறவர். வரிசை வராந்தாவை விட்டு இறங்கி, முற்றத்தைத் தாண்டி, பள்ளிக் கேட்டைத் தாண்டி, ரோட்டுக்குப் போயிற்று. நான் பார்த்தேன், நான் கேட்டேன், நான் சொன்னேன் என்று ஒவ்வொருவரும் தன் பெயரை முன்னால் நிறுத்திச் சொன்னார்கள். எழுத்தருக்குத் தாள் தீர்ந்தபோது பிள்ளைகள் தங்கள் கட்டுரை நோட்டுகளிலிருந்து தாள் கிழித்துக் கொடுத்தார்கள். மணி மூன்றானபோது ராஜதுரையின் நாற்காலி காலியாக இருந்தது; அவர் எப்போது எழுந்துபோனார் என்பதை யாரும் கவனிக்கவில்லை.

குவாரியைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். வழக்கு மறுபடி தொடங்கிற்று. வீரணன் அதில் குற்றவாளிக் கூண்டிலிருந்து சாட்சிக் கூண்டுக்கு மாறினான். அழகுமணிக்கு ஐந்து மாதம் வேலை கிடைக்கவில்லை, ஊர்ப்பெண்கள் முறைவைத்து அவள் வீட்டுக்குச் சோறு கொண்டுபோனார்கள். பிறகு அவள் பக்கத்து ஊர் நாற்றங்கால் பண்ணையில் சேர்ந்தாள். சுவர்களில் பெயர்கள் முளைப்பது எப்போது நின்றது என்று யாருக்கும் தேதி ஞாபகமில்லை. அதற்குள் ஊரில் யாரும் பெயரை மறைத்து எழுதாததால், அது நின்றதே தெரியவில்லை.

ஐப்பசியில் மரகதவல்லிக்கு மாறுதல் உத்தரவு வந்தது: அறுபது கிலோமீட்டர் தள்ளி, பேருந்து இல்லாத ஊர். உத்தரவு போட்டவர்கள் ஜாக்கிரதையாக எந்த இடத்தையும் காலியாக விடாமல், பதவிப் பெயரால் நிரப்பி எழுதியிருந்தார்கள். ஜெயசீலன் அதை அவரிடம் கொடுக்கும்போது, “நாளைக்கே சேரணுமாம் டீச்சர். கோர்ட்டுக்குப் போறதுன்னா போகலாம், ஆனா அதுவரைக்கும் சம்பளம் நிக்கும்,” என்றார். கொஞ்சம் தயங்கி, “சாட்சி வேணும்னா நான் வர்றேன்,” என்றும் சொன்னார்.

மரகதவல்லி உத்தரவை இரண்டு முறை படித்தார். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளைத்தாள் எடுத்து, அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் கடிதம் எழுதும் முறைப்படி எழுதினார். ‘ஐயா’ என்று போட்டார். அதற்குக் கீழே எழுதினார்:

‘நான் போகமாட்டேன்.’

உறையை ஒட்டி, வாசலில் நின்ற தபால்காரரிடம் கொடுத்துவிட்டு, நான்காம் வேற்றுமை நடத்த எட்டாம் வகுப்புக்குள் நுழைந்தார்.